கேட்க ஒன்றுமில்லாத மாதங்கள்

நாச்சியாரிடமிருந்து போன் வந்தால் வீட்டில் ஏதோ தீர்ந்துவிட்டது என்று இசக்கியப்பன் புரிந்துகொள்வான். எண்ணெய் தீர்ந்திருக்கும், கேஸ் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் பாலிடெக்னிக் போகும் மகள் வேல்விழிக்குச் செருப்பு அறுந்திருக்கும். அவன் வேலை பார்ப்பது ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றின் கேன்டீனில். சோறு வடிக்கிற பிரிவு. மூன்று ஷிப்டுக்கும் சோறு வெந்துகொண்டே இருக்கும். ஆவி அடித்து அடித்து அவன் முன்கை முடியெல்லாம் கொட்டிப்போய்விட்டது. போன் அடித்தால் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, "நான் என்ன இங்கன காசு அச்சடிச்சிக்கிட்டா இருக்கேன்?" என்று முதலில் ஒரு சத்தம் போடுவான். நாச்சியார் எதிர்ப்பேச்சுப் பேசமாட்டாள். சாயங்காலம் பணம் அனுப்புகிற கடையில் கொடுத்துப் பணத்தை அனுப்பிவிடுவான்.

ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு வருகிற பேச்சுக்காகத்தான் அவன் காத்திருப்பான். பணச் சங்கதி முடிந்ததும் நாச்சியாரின் குரல் கொஞ்சம் இறங்கி வரும். விளாத்திகுளத்துச் சந்தையில் யாரைப் பார்த்தாள், யார் வீட்டில் சடங்கு, தங்கள் கரிசக்காட்டில் எந்தப் பக்கம் அருகம்புல் ஏறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவன் உம் கொட்டிக்கொண்டு நிற்பான். உள்ளிருந்து சூப்பர்வைசர் கூப்பிடுகிறவரைக்கும் நிற்பான்.

அவர்களுக்கு இருந்தது மானாவாரிக் கரிசல். மேகம் மனசு வைத்தால் உளுந்து, இல்லாவிட்டால் கட்டாந்தரை. அடுத்தடுத்து மழை ஏமாற்றியபோதுதான் பக்கத்து ஊர் சுடலைக்கண்ணு, "கேன்டீன்ல ஆள் எடுக்காங்க, வாரியா?" என்று கேட்டான். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் இசக்கியப்பன் பஸ் ஏறினான். அந்த ஒரு வருஷம் ஆறேழு வருஷமாகிவிட்டது. இப்போது வல்லம் வடகால் போகிற வழியில் ஒரு மாடி அறையில் ஐந்து பேராக இருக்கிறார்கள். எல்லாரும் தெக்கத்தி ஆட்கள். ஒருவன் ஷிப்டுக்குப் போனால் இன்னொருவன் வந்து அதே பாயில் படுப்பான்.

அப்படி இருக்கும்போதுதான் குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. நேரே அவரவர் கணக்குக்கே வந்துவிடும் என்றார்கள். முதல் மாதம் பணம் வந்த அன்றைக்கு நாச்சியார் போன் செய்தாள். மெசேஜ் வந்ததை நம்பாமல் பேங்குக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாளாம். கவுண்டரில் இருந்த பிள்ளை, "ஒங்க காசுதாம்மா, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்" என்றதாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இசக்கியப்பன் சிரித்தான். இந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு என்று நினைத்தான்.

அது எந்த மூலைக்கு என்பது போகப்போகத்தான் தெரிந்தது. எண்ணெய்க்கு வந்த போன் நின்றது. கேஸுக்கு வந்த போன் நின்றது. செருப்பு அறுந்ததும் தைத்ததும் அவனுக்குத் தெரியாமலே நடந்தது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கையில் கொஞ்சம் மிஞ்சியது, சுடலைக்கண்ணுவோடு போய் நல்லதாக ஒரு சட்டை எடுத்தான். பிறகு ஒருநாள் பின்கட்டில் நின்று பீடி பற்ற வைக்கும்போது, போன் அடித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

அவனே கூப்பிட்டான்.

"எல்லாம் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றாள்.

"கேஸு?"

"போன வாரந்தான் மாத்துனேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நீங்க சாப்ட்டீகளா?"

ஆயிரம் பேருக்குச் சோறாக்குகிறவனிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? சாப்பிட்டேன் என்றான். "சரி, வச்சிருதேன்" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அந்த மாதம் அவள் கேட்காமலே பணம் அனுப்பினான், வழக்கத்தைவிடக் கூடுதலாக. மறுநாள் போன் வந்தது. அவசரமாக எடுத்தான். இதை எதற்கு அனுப்பினீர்கள், வேல்விழிக்குக் கட்ட வேண்டியதைப் போன தடவை அனுப்பியதிலேயே கட்டியாயிற்று, நீங்களே வைத்துக்கொண்டு நல்லபடியாகச் சாப்பிடுங்கள் என்றாள். அவள் அக்கறையாகத்தான் சொன்னாள். அவன் காதில் வேறு மாதிரி விழுந்தது. ராத்திரி சுடலைக்கண்ணுவிடம், "இனிமே என் காசு அவளுக்கு எதுக்கு? அதான் கவர்மெண்ட்டே குடுக்கே" என்று பொருமினான். சுடலைக்கண்ணு பாயை உதறிப் போட்டுக்கொண்டே, தன் பெண்டாட்டி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு தன்னிடமும் கேட்கிறாள், நீ கொடுத்து வைத்தவன் என்றான். அதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

தை மாதம் உளுந்து அறுப்பு. இசக்கியப்பனுக்கு இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது, போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். எப்போதும் களத்திலேயே வியாபாரி வந்து நிற்பார். வீட்டுச் செலவுக்குக் கையில் சல்லிக்காசு இருக்காது, அவர் சொன்ன விலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் சாக்கை உதறிக்கொண்டு வருவதுதான் வழக்கம். இந்தத் தடவை நாச்சியார் கொடுக்கவில்லை. இப்போது விலை சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று வியாபாரியிடம் அவளே சொல்லிவிட்டாள். மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கி வைத்தாள். இசக்கியப்பன் மூட்டைக்கு ஒரு கை கொடுத்தான். அன்றாடப்பாட்டுக்கு மாதாமாதம் ஒன்று வருகிறது என்கிற தைரியம் அவள் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அந்த முகமே கண்ணுக்குள் நின்றது. இன்னும் இரண்டு நாள் கூட இருந்து அதைப் பார்த்திருக்கலாமே என்றிருந்தது.

ஆனியில் உளுந்து நல்ல விலைக்குப் போனது. அதில் இரண்டு ஆடு வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. சொன்னது வேல்விழி.

ஆவணி பிறந்து ஒரு சனிக்கிழமை. இசக்கியப்பன் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி அறைக்கு வந்தான். கீழே வீட்டுக்காரம்மா மீனம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு நாச்சியார் உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்கு முதலில் வந்தது பயம். "வேல்விழிக்கு என்னாச்சு?" என்றான்.

"அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. ஆட்டைப் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வான்னா. வந்தேன்."

விளாத்திகுளத்திலிருந்து பஸ் பிடித்து, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அவனுடைய விலாசம் இருந்த பழைய மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனியாக மதுரை தாண்டியதில்லை. டிக்கெட்டுக்கு யாரிடமும் கேட்கவில்லை, என் கணக்கிலிருந்து எடுத்தேன் என்றாள். எதற்கு வந்தாள் என்று மட்டும் சொல்லவில்லை.

மாடியில் ஆண்கள் படுத்துக் கிடப்பார்கள். கொடியில் தொங்கும் பனியன்களும் மூலையில் குவிந்த எச்சில் தட்டும் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இவளை எங்கே கூட்டிப்போவது என்று படியில் காலை வைத்தபடியே தடுமாறினான். மீனம்மாள் எழுந்து உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தாள்.

"பின்னாடி ரூம்பு காலியாத்தான் கீது. கூட்டி வுட்ருக்கேன். ரெண்டு நாளு இருந்துக்கினு போங்க. வாடகை கீடகைன்னு வாயத் தொறக்காத, இன்னா?" என்றாள். பிறகு நாச்சியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொம்பள இவ்ளோ தூரம் ஒண்டியா வந்துகீது, மாடியில கொண்டுபோய் வுட்ருவியா நீ?" என்று அவனிடம் கேட்டாள். அந்தத் தெருவில் இப்போது நிற்கிற வீடுகள் எல்லாம் முன்பு தாங்கள் நெல் நட்ட இடம் என்று அவள் அடிக்கடி சொல்வாள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. நாச்சியார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த புது உளுந்தை உள்ளங்கையில் கொட்டி ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். நல்லா கீது என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆறேழு வருஷத்தில் அவனே எங்கும் போனதில்லை. மீனம்மாளிடம் வழி கேட்டுக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிளம்பினார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நாச்சியாருக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவனிடம் மட்டும் காசு கேட்டார். நாச்சியார் சிரித்துவிட்டாள். ஜன்னல் காற்றில் தலைமுடி பறந்து முகத்தில் விழ, அவள் அதை ஒதுக்கிக்கொண்டே வெளியே பார்த்தாள். கம்பெனி மதில்கள் முடிவில்லாமல் வந்தன. இதில் ஒங்க கம்பெனி எது என்று ஒவ்வொரு மதிலுக்கும் கேட்டாள். அது இந்த ரோட்டில் இல்லை என்று அவன் ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

ஏரிக்கரையில் ஏறி நின்றதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. எதிர்க்கரை தெரியவில்லை. கரிசலில் பிறந்து வளர்ந்தவள், ஊருணித் தண்ணீரைக் குடத்தில் கலங்காமல் மொண்டு பழகியவள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றாள். ஒரு வேப்பமர நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். அவன் வாங்கி வந்த வேர்க்கடலையை இருவருக்கும் நடுவில் வைத்தான்.

"இம்புட்டும் மெட்ராசுக்குக் குடிக்கவா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டுவிட்டான். இப்பல்லாம் நீ போனே போடுறதில்லையே என்றான்.

நாச்சியார் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"காசு கேக்கணும்னாத்தான் போன் போடணும்னு பழகிப்போச்சுங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க சத்தம் போடுவீக. போட்டு முடிக்கட்டும்னு இருப்பேன். அதுக்கப்புறந்தான நல்லாப் பேசுவீக, அதுக்காவ இருப்பேன். இப்ப கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாம எப்படிப் போன் போடுதது? போனை எடுப்பேன், வெக்கமா இருக்கும், வச்சிருவேன்."

இசக்கியப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பினால் ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது. தானும் அதற்காகத்தான் கேன்டீன் பின்கட்டில் நின்றதாகச் சொல்ல நினைத்தான். கடலை ஒன்றை எடுத்து உடைத்தான்.

"புரட்டாசியில மழைக்கு முந்திப் புழுதியில விதைக்கணும்" என்றாள் அவள். "வாரீகளா?"

அவன் சட்டென்று கணக்குக்குள் போய்விட்டான். அதுதான் அவனுக்குத் தெரிந்த பாதை. தீபாவளிக்கு முன்னால் போனால் போனஸ் கிடையாது, காண்ட்ராக்டில் பேரை எடுத்துவிடுவார்கள், டிராக்டருக்கு ஆள் சொல்லி விதைத்துக்கொள்ளலாமே என்று அடுக்கினான்.

"டிராக்டர் வச்சு விதைக்க எனக்குத் தெரியும். போன வருசமே அப்படித்தான விதைச்சேன்? அதுக்காவக் கூப்பிடல."

"பின்ன எதுக்கு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஒங்களைப் பாத்துக்கிட்டு இருக்கணும்போல இருக்கு" என்றாள். "இம்புட்டு நாளும் வயித்துப்பாடு பெருசா இருந்துச்சு, வேற நெனப்பு வரல. இப்பத்தான் வருது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அப்படி ஒரு வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில்கூட அவள் சொன்னதில்லை. வந்துவிடுகிறேன் என்றான். விதைப்புக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்றான். திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிப்போய் அவன் தோளில் சாய்ந்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது எழுப்ப மனசில்லாமல், அடுத்த நிறுத்தம்வரை போய் அங்கிருந்து நடந்து வந்தார்கள்.

திங்கட்கிழமை அவளைக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டான். பின்னறைச் சாவியை மீனம்மாளிடம் கொடுக்கும் முன் அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

புரட்டாசி வந்தது. லீவு கேட்கப் போனவனிடம் கேன்டீன் மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். ஆள் பற்றாக்குறை, பூஜை நேரம், இப்போது போனால் போனதுதான், போனஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்குப் போயேன் என்றார். இசக்கியப்பன் தலையாட்டிவிட்டு வந்தான். அவன் தலை அதற்குப் பழகியிருந்தது. அன்று சாயங்காலம் நாச்சியாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். கோபித்திருந்தால் தேவலை. சரி என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே விதைத்துவிட்டாள்.

விதை புழுதிக்குள் கிடந்தது. மழை வரவில்லை. தினமும் போன் பேசினார்கள், அது மட்டும் மாறியிருந்தது. ஏரிக்கரைப் பேச்சுக்குப் பிறகு ஒன்றுமில்லாமலே கூப்பிடுவதற்கு இரண்டு பேருக்கும் தைரியம் வந்திருந்தது. ஆனால் பேச்செல்லாம் மழையாகவே இருந்தது. எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகிறது என்பாள். இன்னும் பத்து நாள் தாங்கும் என்பான். மின்னல் எந்தப் பக்கம் என்று கேட்பான். கடல் பக்கம் என்பாள். பேசி முடித்துவிட்டு மொட்டை மாடியில் போய் நின்று தெற்கே பார்ப்பான். கம்பெனி விளக்கு வெளிச்சத்தில் வானம் எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும், மேகம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. அவள் காட்டோரத்தில் தனியாக நின்று மேகம் பார்ப்பதை நினைப்பான். பிறகு இறங்கி வந்து படுப்பான்.

ஐப்பசி முதல் மழை ஒரகடத்தில்தான் இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் தகரக் கூரையில் சடசடவென்று பிடித்தது. சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு இசக்கியப்பன் பின்கட்டுக்கு ஓடி வந்தான். சிமெண்ட் தரையில் விழுந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல் சாக்கடைக்குள் ஓடியது. நாச்சியாருக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தான். உள்ளே சூப்பர்வைசர் கூப்பிட்டார். போகாமல் நின்றான். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். அவள் பேசுவதற்கு முன்னால் இரைச்சல்தான் கேட்டது. முதலில் இங்கே பெய்கிற மழை என்று நினைத்தான். பிறகு அது போனுக்குள்ளிருந்து வருகிறது என்று விளங்கியது.

"கேக்குதா?" என்றாள். "இந்தா, காட்டுலதான் நிக்கேன்."

"கேக்குது."

இரண்டு மழையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

"நாச்சியா," என்றான் அவன். "நான் இன்னைக்கு ராத்திரி பஸ் ஏறுதேன்."

"தீபாவளிக்கு அஞ்சாறு நாள்தான கிடக்கு? போனஸ வாங்கிட்டு வாங்களேன்."

"இல்ல. வாரேன்."

அவள், "குடை கொண்டு வாங்க" என்றாள்.

மேனேஜர் மறுபடியும் தன்மையாகவே சொன்னார், திரும்பி வந்தால் இடம் இருக்காது என்று. தெரியும் என்றான் இசக்கியப்பன். சுடலைக்கண்ணுவுக்குத்தான் ஆற்றாமை. போனஸுக்காக விதைப்பை விட்டாய், இப்போது போனஸையும் விட்டுப் போகிறாய், உனக்குக் கிறுக்கா என்று கத்தினான். கத்திக்கொண்டே பையில் துணியை மடித்து வைத்துக் கொடுத்தான். மழை தப்பினால் என்ன செய்வாய் என்று கேட்டான். இசக்கியப்பன் அதை யோசித்திருந்தான். மழை தப்பினாலும் அடுப்பு அணையாது, அந்த மட்டுக்கு மாதாமாதம் ஒன்று வருகிறது, ஆடு இருக்கிறது, உளுந்தை வைத்திருந்து விற்கத் தெரிந்தவள் இருக்கிறாள். மற்றதைக் கூலிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் விளக்கிச் சொல்லாமல், "பாத்துக்கிடுவோம்" என்றான். மீனம்மாள் வாசல்வரை வந்து, பொங்கலுக்கு அந்தம்மாவோட ஒருதபா வந்துட்டுப் போ என்றாள்.

மறுநாள் காலை ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினான். மழை விட்டிருந்தது. வீட்டில் வேல்விழி மட்டும் இருந்தாள், அம்மா காட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். பையைப் போட்டுவிட்டுக் காட்டைப் பார்க்க நடந்தான். ரோட்டோரத்தில் நாச்சியார் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

எதிரே கரிசல் கன்னங்கரேலென்று நனைந்து கிடந்தது. அங்கங்கே தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. பச்சையாக ஒரு பொட்டுக்கூட இன்னும் மேலே வரவில்லை. இத்தனை தூரம் வந்தவனுக்கு மண்ணை மிதிக்காமல் இருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தான். கணுக்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்தால் வரவில்லை, மண் கவ்விக்கொண்டது.

"ஈரம் காயாம யாரையும் உள்ள விடாதுல்லா, மறந்துட்டீகளாக்கும்" என்று நாச்சியார் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கால் வெளியே வந்தபோது ஒரு படி மண் கூடவே வந்தது. அவள் பிடித்த கையை விடவில்லை.

"எப்ப முளைக்கும்?" என்றான்.

"உள்ள எம்புட்டு விதை மிஞ்சியிருக்கோ, யாருக்குத் தெரியும்? நாலு நாள் போகட்டும். அதுவரைக்கும் இங்கன நின்னு பாக்க வேண்டியதுதான்."

மண் அப்பிய காலோடு அவன் அவளுக்குப் பக்கத்தில் ரோட்டோரத்திலேயே நின்றான். இரண்டு பேரும் காட்டைப் பார்த்தார்கள்.